அசல் இருமல்

தட்டு வளைந்துவிட்டது. லேசாக அல்ல. மேசைமேல் வைத்தால் ஒரு பக்கம் மேசையைத் தொட்டது. மறுபக்கம் எழுந்து நின்று லிஃப்ட் மெக்கானிக்கை முறைத்தது.

"இது என்னங்க, பாட்டுத் தட்டா, தொப்பியா?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. சரி பண்ணிடறேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஊரில் உள்ள லிஃப்டுகள் எல்லாம் அவர் கைபட்டால் பூனைக்குட்டிபோல் அடங்கும். ஆனால் வீட்டுக்குள் அவர் 'சரி பண்ணின' குழாய் துணிக் கட்டோடு நிற்கிறது. சுவர்க் கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. முகம் பார்க்கும் கண்ணாடியில் அதைப் பார்த்து நேரம் சொல்ல அவள் பழகிவிட்டாள்.

தட்டு அவருடையதாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அது பல் டாக்டருடையது.

பல் டாக்டர் தொழிலை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது இதயமும் அவரை விட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகுட்டி கிடையாது. பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மா. வந்து போக இரண்டு நண்பர்கள். ஒருவர் இந்த மெக்கானிக், மற்றவர் மருந்துக்கடைக்காரர். மூன்று பேரையும் சேர்த்து வைத்தது ஜாஸ். ஞாயிறு தவறாமல் டாக்டர் வீட்டு ரெக்கார்டு பிளேயரைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்பதைவிடச் சண்டை போடுவது அதிகம்.

சண்டையெல்லாம் ஒரே விஷயத்தில்தான். அசலா, ரீமாஸ்டர் பண்ணிய மறுபதிப்பா?

டாக்டரின் பொக்கிஷமான இந்தத் தட்டு, ஒரு சின்ன ஹாலில் ஜனங்கள் முன்னால் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு மெதுவான உருப்படி. ட்ரம்பெட் மேலே மேலே ஏறி, உச்சியில் சட்டென்று நின்றுவிடும். அந்த நிசப்தத்தில் கூட்டத்தில் யாரோ ஒருவன், 'க்ஹும்' என்று ஒரே ஒரு தடவை இருமுவான். அப்புறம் பியானோ.

மறுபதிப்பு போட்ட கம்பெனி பழைய டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலைக் கழுவி, இருமலையும் துடைத்து எடுத்துவிட்டது.

"அந்த இருமல்தான்யா உயிரு!" என்று டாக்டர் கத்துவார். "அந்த ஹாலே அந்த ஒரு இருமல்ல இருக்கு! கறை படிஞ்சாலும் சொந்தப் பல்லு சொந்தப் பல்லுதான். மறுபதிப்பு வெறும் பல்செட்டு!" கத்துகிற வேகத்தில் அவருடைய பல்செட்டு கொஞ்சம் ஆடும்.

மருந்துக்கடைக்காரர் ஒரு தடவை மறுபதிப்பை வாங்கிவிட்டு, "சும்மா சொல்லக்கூடாது டாக்டர், ட்ரம்பெட்காரன் மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்குது. நீங்களும் ஒரே ஒரு தடவை..." என்று ஆரம்பித்தார். மழைக்காலம் முடியும்வரை டாக்டர் அவரோடு பேசவில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷர், தலை சீவுகிற சீப்பைக்கூட இரவல் தராதவர், படுக்கையில் விழுந்தபின் ஒருநாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தத் தட்டைக் கையில் கொடுத்தார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் கேளு."

"நானா டாக்டர்?"

"நீதான். அப்புறம் இன்னொண்ணு. பெரிய தெரு ரெக்கார்டு கடையில, வாசலை ஒட்டின அடுக்குலேயே அந்தப் பல்செட்டை வச்சு விக்கிறானாம். பாத்தா காறித் துப்பிட்டு வா."

மூலையில் மாத்திரை பிரித்துக்கொண்டிருந்த நர்ஸம்மா ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது. அவரை உலகம் கூப்பிடுவதெல்லாம் ஏதாவது மாட்டிக்கொண்டபோதுதான். ஒரு ட்ரம்பெட்டைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று அவரிடம் முதன்முதலில் கேட்ட ஆள் இந்தப் பல் டாக்டர். தட்டைக் கார்ப் பின்சீட்டில் கைக்குழந்தைபோலக் கிடத்தினார். உடனே போன் வந்தது. ஒரு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். போனார், உள்ளே ஏறினார். அது மறுபடி நின்றது. அவரை வெளியே இழுப்பதற்குள் மூடிய காருக்குள் வெயில் தன் வேலையை முடித்திருந்தது.

இப்போது சரி பண்ண வேண்டும்.

இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே தட்டை வைத்து, மேலே இஸ்திரிப்பெட்டியை நடத்தினார். தட்டு அழகாகத் தட்டையானது. போட்டுப் பார்த்தார். ஊசி விளிம்பில் இறங்கி, பிடிமானம் எதுவும் இல்லாமல் வழுக்கி, நேரே நடுவில் போய் நின்றது. பாட்டெல்லாம் இஸ்திரியோடு போய்விட்டது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படிக் கத்துவான்? யாரிடமும் சொல்லாமல் பெரிய தெருக் கடைக்குப் போனார். வாசலை ஒட்டிய அடுக்கிலேயே இருந்தது. துப்பவில்லை. வாங்கிக்கொண்டு வந்தார்.

பழைய உறையில் புதுத் தட்டைச் செருகினார். நடுவில் இருந்த லேபிள் புது மாப்பிள்ளைபோல மினுங்கியது. டீயைத் தொட்டுத் தடவிப் பழசாக்கினார்.

"அப்பாடா," என்று உட்கார்ந்தபோது நர்ஸம்மாவின் போன்.

"ரொம்ப முடியல சார். இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கார். அந்தத் தட்டைக் கொண்டாந்து போடச் சொல்றார். வேற எதுவும் கேக்க மாட்டேங்கறார்."

போனை வைத்தபின்தான் உறைத்தது. இருமல்! புதுத் தட்டில் இருமல் இல்லையே!

சாகப்போகிற மனுஷர், கடைசியாகக் கேட்க ஆசைப்பட்டது ஒரே ஒரு தட்டு. அதுவும் பல்செட்டு என்று தெரிந்தால்? தெரிந்த கையோடு கண்ணை மூடினால்? நினைக்க நினைக்க மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் ஒரு வழி தோன்றியது. தட்டில் இல்லாவிட்டால் என்ன, தொண்டையில் இருக்கிறதே.

பயிற்சி ஆரம்பமாயிற்று. அந்த இருமல் அவருக்கு மனப்பாடம். ஆனால் நினைவில் இருப்பது வாயில் வரவேண்டுமே. "க்ஹும்." கனம் அதிகம். "க்கும்." சளி போதாது. "க்ஹும்."

"என்னங்க ஆச்சு? நெஞ்சுல ஏதாவது..." என்று மனைவி வெந்நீரோடு ஓடிவந்தாள்.

"கிட்ட வராத. இப்பத்தான் பிடிபடுது."

மறுநாள் காலை இருமல் பிடிபட்டுவிட்டது. பிடிபட்டது என்றால், அது அவரைப் பிடித்துக்கொண்டது. தொண்டை புண்ணாகி, நிறுத்த முடியாத நிஜ இருமல். இருமிக்கொண்டே டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

நர்ஸம்மா குறுக்கே கையை நீட்டினாள். "உள்ள விட முடியாது சார். இருக்கிற நெலமையில இது அவருக்குத் தொத்திக்கிச்சுன்னா அவ்வளவுதான்."

"அம்மா, இது சும்மா..." மீதியை இருமல் விழுங்கியது.

மருந்துக்கடைக்கு ஓடினார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினார். மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! அந்தப் பொருளைத் தொட்டதுக்கே என்னோட பேச்சை விட்டவருய்யா அவரு!"

"அதான் சொல்றேன்! இருமலை நிறுத்து!"

"இந்தா. ரெண்டு மூடி குடி. காண்டாமிருகம் இருமினாலும் நிக்கும்."

பயத்தில் அரை பாட்டில் போயிற்று. இருமல் நின்றது. கூடவே நாக்கு தடித்தது, கண் சொருகியது. மருந்துக்கடைக்காரர் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்.

டாக்டர் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தார். பல்செட்டைக் கழற்றிப் பக்கத்து டம்ளர் தண்ணீரில் போட்டிருந்தார்கள். அது மட்டும்தான் அந்த அறையில் ஆரோக்கியமாக இருந்தது. கன்னம் உள்ளே போன அந்த முகத்தைப் பார்த்ததும் மெக்கானிக் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் தட்டைப் பார்த்தார். டீக்கறை படிந்த லேபிளை மூக்கருகே கொண்டுவரச் சொல்லி முகர்ந்தார். மெக்கானிக்கின் உயிர் ஒரு தடவை போய் வந்தது.

"போ... போடு," என்றார் டாக்டர். "ரெண்டாம் பக்கம்."

ஊசி இறங்கியது. இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. கழுவித் துடைத்த அறைபோல இருந்தது சத்தம். மருந்துக்கடைக்காரர் தன்னை மறந்து, "ஆஹா, என்ன சுத்..." என்று தொடங்கினார். மெக்கானிக் அவர் காலை ஓங்கி மிதித்தார்.

டாக்டரோ கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சந்தேகப்பட்ட மாதிரித் தெரியவில்லை. நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. உதட்டோரத்தில் ஒரு சிரிப்புக்கூட இருந்தது. ட்ரம்பெட் ஏற ஏற, மெலிந்த விரல்கள் போர்வையைப் பற்றின. எதற்காகவோ காத்திருக்கிற முகம். மெக்கானிக்குக்குத் தெரியும் எதற்கென்று. மெல்ல நகர்ந்து கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் போய் நின்றார்.

ட்ரம்பெட் உச்சியைத் தொட்டது. நின்றது.

நிசப்தம்.

இருமல் வரவில்லை. அரை பாட்டில் மருந்து குறுக்கே உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் தொண்டையைப் பிசைந்தார், நெஞ்சில் குத்திக்கொண்டார். பியானோ இதோ வந்துவிடும். இருக்கிற உயிரையெல்லாம் அடிவயிற்றிலிருந்து திரட்டினார்.

"க்ஹும்!"

பிசிறில்லாத இருமல். அசலில் இருந்தவன்கூட அவ்வளவு அழகாக இருமியிருக்கமாட்டான். பியானோ தொடங்கியது.

டாக்டரின் கண்கள் படீரென்று திறந்தன. கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. ஏதோ சொன்னார், பல் இல்லாத வாயில் அது வெறும் காற்றாகத்தான் வந்தது.

மெக்கானிக் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டுச்சா டாக்டர்? அசல்!"

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தட்டு சுற்றி முடிவதற்குள் மூச்சு நின்றிருந்தது.

மெக்கானிக் வாய்விட்டு அழுதார். தகப்பன் செத்தபோதுகூட அவர் அப்படி அழுததில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்தார்கள். நர்ஸம்மா தன் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். டம்ளர்த் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தாள். மெக்கானிக் சிவந்த கண்ணோடு வாசற்படியில் நின்றார்.

"போனவரு திரும்பப் போறதில்ல. ஆனா ஒரு ஆறுதல்மா. ஆசைப்பட்டதைக் கேட்டுட்டு, மனசு நெறஞ்சுதான் போனாரு."

நர்ஸம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"தட்டை உங்க கையில கொடுத்த அன்னைக்கு எங்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா சார்? 'இவன் எப்படியும் அதைக் கெடுத்துட்டு, பயந்துபோய்ப் புதுசை வாங்கி வைப்பான். என் மானமும் போகாது, அந்தச் சனியன் பிடிச்ச இருமல் இல்லாம ஒரே ஒரு தடவை கேட்டுட்டுக் கண்ணை மூடிடுவேன்'னார்."