நடிக்காமல் வாங்கிய மாடு

ஃபேஷன் உலகம் அழகானது என்று நம்புகிறவர்கள் ஒரு முறையாவது அந்த உடைகளின் முதுகைப் பார்க்க வேண்டும். போட்டோவில் மாடலின் சட்டை கச்சிதமாக இருக்கும்; பின்பக்கம் முழுக்கக் கிளிப் குத்தியிருக்கும். கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டிய செருப்பு அழுக்காகாமல் இருக்க அடியில் டேப் ஒட்டியிருப்போம். அந்தக் கிளிப்பைக் குத்துவதும் டேப்பை ஒட்டுவதும்தான் என் வேலை. (ஊரில் அம்மா என்னை ‘டிசைனர்’ என்று சொல்லி வைத்திருந்தாள்.)

கொச்சியில் நிஷா மேடம் என்ற ஸ்டைலிஸ்டிடம் உதவியாளராகச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. கைத்தறிச் சால்வைகளுக்கு ஒரு போட்டோ ஷூட் வந்தது. மேடத்துக்கு எதுவும் நடிப்பாகத் தெரியக் கூடாது, எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “எங்க ஊர்ப்பக்கம், பாலக்காட்டு எல்லையில, வேலந்தாவளத்துல மாட்டுச் சந்தை இருக்கு மேடம். துண்டுக்கடியில விரலைப் பிடிச்சுத்தான் விலை பேசுவாங்க. துண்டுக்குப் பதிலா நம்ம சால்வை!” என்று சொல்லித் தொலைத்தேன். மேடம் என்னைக் கட்டிப்பிடித்தார். இது நன்றாக வந்தால் அடுத்த ஷூட்டை நானே தனியாக நடத்தலாம் என்றும் சொன்னார். நான் வானத்தில் பறந்தேன்.

கறுப்புச் சட்டை, கறுப்புப் பேன்ட், கறுப்புக் கண்ணாடி சகிதம் சந்தையில் இறங்கினேன். (எங்கள் துறையில் துக்கம் கேட்கப் போவதுபோல் உடுத்தினால்தான் மரியாதை.) அப்படியும் மாட்டுத் தரகர் பழனியண்ணன் கண்டுபிடித்துவிட்டார்.

“நல்லேப்பிள்ளி வேலுச்சாமியண்ணன் புள்ளைதான? என்ன அம்மணி இந்தப் பக்கம்?”

“போட்டோ எடுக்கறமுங்கண்ணா. துண்டு போட்டுக் கை புடிச்சுப் பேசோணும். ஆனா நடிக்கப்படாதுங்க. எல்லாம் நெசமா இருக்கோணும்.”

“அதுக்கென்ன, நெசமாவே பேசிருவோம்” என்று ஒரு மாட்டையும் அதன் சொந்தக்காரரையும் கூட்டி வந்தார்.

மாடலாக வந்த பையன் மாட்டைப் பார்த்ததும் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். “கை மட்டும்தானே தெரியும், நீயே நில்லு” என்றார் மேடம். நின்றேன். சால்வைக்கடியில் பழனியண்ணன் என் விரல்களைப் பிடித்தார். சால்வை அழகாக அசைய வேண்டுமே என்று நானும் அவர் விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்தேன். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. என்னமாய் நடிக்கிறார் என்று வியந்தேன். திடீரென்று சால்வையை உருவி என் தோளில் போட்டுவிட்டு, என் உள்ளங்கையில் ஓங்கி ஓர் அறை வைத்தார். “முடிஞ்சுதுங்கோவ்!”

சொந்தக்காரர் மாட்டைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு தன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டார். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

“அண்ணா, நான் சும்மா வெரலப் புடிச்சனுங்க!”

“வெரலச் சும்மா புடிப்பாங்களா அம்மணி? நடிக்கப்படாதுன்னு நீதான சொன்ன! இப்பத்த புள்ளைக மாடு வாங்கறதையும் போட்டோ புடிக்குதுகன்னு நெனச்சேன். அதும் அவரு கேட்டதுக்கு மேல நீயே ஏத்திக் குடுத்திருக்கற.”

பழனியண்ணன் போன் போட, அப்பா மொபெட்டில் வந்து சேர்ந்தார். கதை முழுவதையும் கேட்டார். கொடுத்த கையை இழுத்துக்கொண்டால் அப்புறம் அந்தச் சந்தையில் அப்பாவின் பேச்சுக்கு மதிப்பில்லை. மாட்டை வாங்கித்தான் ஆக வேண்டும். என்னைத் திட்டித் தீர்ப்பார் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“பல்லப் பாத்தயா?”

பார்க்கவில்லை. அவரே மாட்டின் வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். (அந்தப் பல் தேய்ந்திருந்த தேய்ப்பில் மாட்டை நான் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும்.)

அதற்குள் கயிறில்லாத மாடு கோயம்புத்தூர் ரோட்டைப் பார்த்து நடையைக் கட்டியது. அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். என் தோளில் கிடந்த சால்வையைச் சட்டென்று உருவி, மாட்டின் கழுத்தில் போட்டு இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். மேடம் போட்ட கூச்சலில் சந்தையே திரும்பிப் பார்த்தது. இருந்ததே அந்த ஒரு சாம்பிள்தான். அடுத்த வாரம் ஃபேஷன் ஷோவில் மேடையேற வேண்டியது. மாடு சால்வையின் குஞ்சத்தை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

“நாளெ முதல் வரண்டா” என்றார் மேடம். நாளையிலிருந்து வர வேண்டாமாம். மலையாளம் புரியாத மாதிரி நடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

குட்டியானை வண்டியின் பின்னால் மாட்டோடு நின்றபடி ஊர் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் அழுதேன். சின்ன வயதிலிருந்து நான் ஆசைப்பட்டது அந்த ஒரு வேலைக்குத்தான். அதை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன்.

இப்போது கஞ்சிக்கோட்டில் யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனி ஒன்றில் காலர் சரிபார்க்கிறேன். எல்லாச் சட்டையும் ஒரே நீலம். மாடு கன்றும் போடவில்லை, பாலும் கறக்கவில்லை. வீட்டில் அதற்குப் பெயர் ‘ஸ்டைலு’.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. நாகரிகமாக எழுந்து, சிரித்தபடி என்னிடம் கையை நீட்டினார். நானும் நீட்டப் போனேன். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அப்பா அலறினார்:

“அம்மணி, கையக் குடுத்தராத! மொதல்ல பல்லப் பாரு!”

அந்த வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. ஸ்டைலு மட்டும் சௌக்கியமாக இருக்கிறது.