ஏப்பம் இல்லாத அறிவிப்பு

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாம் தடத்தில் நிற்கும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில்…”

அறிவிப்பாளர் அங்கே நிறுத்தினார். உண்மையில் நிறுத்தியது அவருடைய வயிறு. மைக்கை அணைக்கக் கை நீள்வதற்குள் ஏப்பம் தொண்டையைத் தாண்டி, மைக்கைத் தாண்டி, பேருந்து நிலையத்துக் கூரையில் தொங்கிய எல்லா ஒலிபெருக்கிகளிலும் வெளியே வந்துவிட்டது.

“ஏ…வ்!”

“…புறப்படும்” என்று முடித்தார்.

கீழே யாரோ கைதட்டினார்கள்.

அவருக்கு உடம்பு கூசியது. மாடியில் இருந்த அந்தக் கண்ணாடி அறைக்குள் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறார். கீழே நடமாடும் ஜனங்களுக்கு அவர் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். அந்தக் குரலில் அவருக்கு அவ்வளவு பெருமை. ஓர் ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னதில்லை. ழகரம் அவர் நாக்கில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். வீட்டில் உப்பு கேட்பதைக்கூட அறிவிப்பு மாதிரிதான் கேட்பார் என்பது மனைவியின் குறை.

கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் வந்தார்.

“சார், இது இன்னிக்கு எத்தனையாவது?”

“நெஞ்செரிச்சல் சார். அடக்கப் பார்க்கிறேன், முடியல.”

“மேலிடத்துல கம்ப்யூட்டர் குரல் போடலாம்னு பேச்சு. அடுத்த மாசம் ஒரு நாள் சோதனை வைக்கிறாங்க. காலையில மெஷின், சாயங்காலம் நீங்க. பயணிங்க எது நல்லா இருக்குன்னு சொல்றாங்களோ, அதுதான்.”

“மெஷினா? அதுக்கு ழ வருமா?”

“ழ வருதோ இல்லையோ, ஏப்பம் வராது சார்.”

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து ஒரு கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார்.

“காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு. முழுசா முழுங்கணும். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க.”

“சொன்னா சொன்னபடி செய்வேன் டாக்டர். அந்த விஷயத்துல என்னை யாரும் அடிச்சுக்க முடியாது.”

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தட்டை வை.”

மனைவி ரொட்டியும் முட்டையும் வைத்தார். அறிவிப்பாளர் தட்டைத் தமக்கு நேர் எதிரே நகர்த்தினார். நாற்காலியையும் கொஞ்சம் சரிசெய்தார். கேப்ஸ்யூலை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அடுத்த வாயில் ரொட்டி.

“ஏங்க, சாப்பாட்டுக்கு முன்னாடில்ல போடச் சொன்னாங்க?”

“முன்னாடிதானே போட்டேன்? தட்டு எங்க இருக்கு? எனக்கு முதுகுப் பக்கமா இருக்கு?”

அந்தக் குரலில் கேட்டால் யாருக்குமே தம் மேல்தான் சந்தேகம் வரும். மனைவி டீ ஊற்றப் போனார்.

அறிவிப்பாளரைச் சொல்லியும் குற்றமில்லை. ‘பேருந்துக்கு முன் நிற்காதீர்கள், பேருந்துக்கு முன் கடக்காதீர்கள்’ என்று நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி, முன் என்றால் எதிரில் என்று அவர் நாக்கு முடிவு கட்டிவிட்டது. ஒரு நாள் நேரமாகிவிட்டதால் கேப்ஸ்யூலை வேலையிடத்துக்கே கொண்டுபோனார். சாப்பாட்டு டப்பாவை மேஜையில் வைத்தார். மூடியிருந்தால் கணக்கில் சேராதோ என்னவோ என்று மூடியையும் திறந்து வைத்துக்கொண்டுதான் முழுங்கினார்.

எரிச்சல் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். செல்போன் பழுது பார்ப்பது அவன் தொழில். மற்றவர் உடம்பைப் பழுது பார்ப்பது பொழுதுபோக்கு. வீட்டில் அவனுக்குப் ‘பாதி டாக்டர்’ என்று பெயர்.

“மாமா, கேப்ஸ்யூல் மேல இருக்கிற ஓடு கரையறதுக்குள்ள சாப்பாடு முந்திக்குது. ஓட்டைக் கழட்டிட்டு உள்ள இருக்கறதை டீயில கொட்டி அடிங்க. நேரா வேலை செய்யும்.”

“முழுசா முழுங்கணும்னு சொன்னாரே?”

“அது விவரம் தெரியாதவங்களுக்குச் சொல்றது.”

விவரம் தெரியாதவர் என்ற பட்டியலில் சேர அவருக்கு மனமில்லை. ஓட்டைக் கழற்றினார். குட்டிக் குட்டி மணிகள் டீயில் மிதந்தன. நறநறவென்று மென்று குடித்தார். சாயங்காலம் எரிச்சல் கூடியது. ஒன்று போதவில்லை என்று தாமாகவே இரவில் இன்னொன்று போட்டார். காலையில் தலைவலி.

“தலைவலிதானே? என் மூட்டு வலிக்கு வாங்கினது மிச்சம் கிடக்கு, போட்டுக்குங்க” என்று பாதி டாக்டர் ஒரு அட்டையையே கொடுத்தான்.

வெறும் வயிற்றில் அதில் இரண்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று வந்த ஏப்பங்களுக்கு மைக்கே தேவைப்படவில்லை. ஐந்தாம் தடத்துப் பேருந்தை அறிவிக்கும்போது அடுத்தடுத்து இரண்டு வந்தன. கீழே பேருந்து சட்டென்று நகர்ந்தது. கால் பங்கு பயணிகள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள்.

டிரைவர் மாடிக்கே வந்துவிட்டார். “சார், ஒரு ஏப்பம்னா நிக்கறேன். ரெண்டு ஏப்பம் விட்டா டபுள் விசில்னுதானே நினைப்பேன்?”

மேனேஜர் கதவருகே வந்து சும்மா பார்த்துவிட்டுப் போனதுதான் அறிவிப்பாளரைச் சுட்டது. வீட்டுக்கு வந்து முதல் தடவையாகச் சன்னமான குரலில் பேசினார்.

“மெஷினே வரப் போகுது போல.”

“வாயை மூடிட்டுக் கிளம்புங்க” என்றார் மனைவி.

டாக்டர் மேஜையில் மனைவி தம் பையைக் கவிழ்த்தார். கேப்ஸ்யூல் அட்டை, வலி மாத்திரை அட்டை, இரண்டு காலி ஓடுகள்.

“வேற மாத்திரை எதுவும் போடலைன்னுதான் இவர் சொல்வாரு டாக்டர். அதான் என் தம்பி கொடுத்த வலி மாத்திரை வரைக்கும் எல்லாத்தையும் கொண்டுவந்துட்டேன்.”

டாக்டர் வலி மாத்திரையை எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

“வாந்தியில ரத்தம் வந்துச்சா? வெளிக்குக் கறுப்பா போச்சா?”

“இல்ல டாக்டர்.”

“பிழைச்சீங்க. வந்தா ஒரு நிமிஷம் காத்திருக்கக் கூடாது. இது அடுத்தவருக்குக் கொடுத்த மாத்திரை. புண்ணான வயித்தை இன்னும் புண்ணாக்கும். இந்த ஓடு ஏன் காலியா இருக்கு?”

“டீயில கலந்து… மென்னு…”

“உள்ள இருக்கிற ஒவ்வொரு மணிக்கும் மேல ஒரு பூச்சு உண்டு. அதை மென்னுட்டா, நீங்க மருந்தைச் சாப்பிடல, உங்க வயித்து அமிலம்தான் சாப்பிடுது. சரி, சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னாடி போடுறீங்க?”

அறிவிப்பாளர் யோசித்தார். தெரிந்த கேள்வி வந்ததில் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

“ஒரு சாண் இருக்கும் டாக்டர்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“சாணா?”

“தட்டு எதிர்ல இருக்கும்போதுதான் போடுறேன். ஒரு நாள்கூடத் தவறினதில்ல.”

மனைவி சீலிங் ஃபேனைப் பார்த்தார். டாக்டர் சிரிப்பை அடக்க மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

“சார், சாப்பாடுதான் பஸ். மருந்துதான் பயணி. பஸ் கிளம்பற நேரத்துல ஓடி வந்தா ஏற முடியுமா? அரை மணி நேரம் முன்னாடியே வந்து தடத்துல நிக்கணும்.”

“அட, நேரத்துல முன்னாடியா!”

“ஒரு நாளைக்கு ஒண்ணுதான், முழுசா. விட்டுப்போச்சுன்னு சேர்த்து ரெண்டு போடக் கூடாது. வலி மாத்திரை கூடவே கூடாது.”

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் காலையில் ஓர் அறிவிப்பு கேட்டது. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. காலைச் சாப்பாடு இன்னும் அரை மணி நேரத்தில் புறப்படும்.” அதோடு கேப்ஸ்யூல் முழுசாக உள்ளே போகும். நாளாக நாளாக நெஞ்சு குளிர்ந்தது. ஏப்பம் இளைத்து, பிறகு காணாமலே போனது. திரும்பப் போய்க் காட்டியதும், மருந்து போதும் என்று டாக்டர் நிறுத்திவிட்டார்.

“நல்லா கேட்டுச்சுன்னா வருஷம் பூரா போடுங்களேன் மாமா” என்றான் பாதி டாக்டர்.

“மாப்ள, மீதிப் பாதியும் படிச்சு முடிச்சிட்டு வந்து சொல்லு.”

சோதனை நாளும் வந்தது. காலை முழுவதும் மெஷின் பேசியது. சாயங்காலம் அறிவிப்பாளர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மைக் முன் அமர்ந்தார். அன்று குரல் கடைந்தெடுத்த மாதிரி வந்தது. ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு கனைப்பு இல்லை. ழகரங்கள் வரிசையாக ஒளிர்ந்தன. அவர் வாய் திறந்தபோதெல்லாம் நிலையமே அசையாமல் நின்றதாக அவருக்குத் தோன்றியது. மூன்றாம் தடத்தருகே நின்றிருந்த மனைவி, பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், “எங்க வீட்டுக்காரர் குரல்” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசிப் பேருந்தையும் அனுப்பிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறிவிப்பாளர் கீழே இறங்கி வந்தார். மேனேஜர் அங்கே பழக்கடை அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த நிலையத்தின் அறிவிப்புகளை அந்த அம்மா அளவுக்குக் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை.

“காலையில ஒரு குரல் கேட்டீங்க, இப்ப ஒரு குரல் கேட்டீங்க. எதும்மா நல்லா இருந்துச்சு?”

அறிவிப்பாளர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார்.

பழக்கடை அம்மா சலித்துக்கொண்டார். “ரெண்டு மெஷினும் ஒரே மாதிரி சுத்தமாத்தான் பேசுது. அதை விடுங்கய்யா, ஏப்பம் விட்டுட்டு அழகா பேசுவாரே ஒரு மனுஷன், அவரை எங்க அனுப்புனீங்க? முதல்ல அவரைக் கூட்டிட்டு வாங்க!”