எக்கிய வயிறும் என் இன ஆராய்ச்சியும்

சும்மா நின்றால் எவனுக்கும் தொப்பை உண்டு. பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை டேப்போடு நின்றால் எவனுக்கும் கிடையாது. இந்த அறிவியல் உண்மை தெரியாமல்தான் விலங்கியல் கடைசி வருடப் புராஜெக்டுக்கு ‘இளைஞர்களின் உடலளவிலும் ரத்த அழுத்தத்திலும் இன வேறுபாடுகள்’ என்று தலைப்பு வைத்தேன். (தலைப்பைப் படித்துவிட்டு எனக்கு நானே வணக்கம் வைத்தேன்.)

ஒரு பக்கம் எங்கள் கொட்டாரம் ஊர் வாலிபால் கோஷ்டி. இன்னொரு பக்கம் இங்கே கட்டட வேலைக்கு வந்திருந்த அஸ்ஸாம் பையன்கள். எல்லாரும் என் வயது. இடுப்பை அளக்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், வித்தியாசத்தை எழுத வேண்டும். தேறினால் எம்.எஸ்ஸி. சீட். தேறாவிட்டால் அப்பாவின் உரக்கடையில் ஆயுள் தண்டனை.

கூட்டாளி அபிஷா, அடுத்த தெருக்காரி.

“எனக்கு ஹிந்தி வராதுலே. நம்ம பயலுவள நான் பாக்கேன், நீ அவங்கள பாரு” என்றாள்.

எனக்கு ஹிந்தி தண்ணீர்பட்ட பாடு என்று அவளிடம் ஏற்கெனவே பீற்றியிருந்தேன். வேறு வழியில்லை.

மைதானத்தில் அவள் டேப்பை எடுத்ததும் வரிசை முழுக்க வயிறுகள் முதுகெலும்பில் போய் ஒட்டிக்கொண்டன.

“ஏலே சுபின், மூச்ச விடு.”

“நான் எப்பவும் இப்பிடித்தான்” என்றான் சுபின், உதடு அசையாமல்.

அவன் கையைப் பிடித்து அவள் பிரஷர் பட்டையைச் சுற்றியதும் மெஷினில் எண் எகிறியது. “மக்கா, ஒனக்கு பிரஷர் உண்டும் டே! ஆஸ்பத்திரிக்குப் போ” என்று பதறினாள். அடுத்தவனுக்கும் அதே. உள்ளூர்க்காரன் என்ற முறையில் நானும் நின்றேன். என் இடுப்பு முப்பது அங்குலம்! (எட்டாம் வகுப்புக்குப் பிறகு அந்த எண்ணை நான் பார்த்ததே இல்லை.)

அஸ்ஸாம் பையன்களின் கொட்டகைக்குத் தனியாகப் போனேன். என் ஹிந்தியைக் கேட்டு, கம்பெனி யூனிஃபார்ம் தைக்க ஆள் அனுப்பியிருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஒவ்வொருவனும் டேப்புக்குள் இரண்டு விரலை நுழைத்து, “லூஸ், லூஸ்” என்றான். தமிழ் தெரிந்த திபாங்கர் மட்டும், “அண்ணா, பாக்கெட் ரெண்டு பக்கமும் வைங்க” என்றான்.

வைக்கிறேன் என்றேன். (விஞ்ஞானத்துக்காக ஒரு பொய்.) புது பேண்ட் கிடைக்கப்போகும் நிம்மதியில் எல்லாருக்கும் பிரஷர் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது.

என் முடிவுரை: நாஞ்சில் நாட்டானுக்கு இடுப்பு சிறுசு, ரத்த அழுத்தம் பெருசு. அஸ்ஸாம்காரனுக்கு நேர்மாறு. காரணம்: மரபணு.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். “யார் யாரை அளந்தீங்க?” என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“நீங்களும் இதுல இருக்கீங்கல்ல? இப்ப அளந்து காட்டுங்க.”

அபிஷா டேப்பைச் சுற்றினாள். எக்கினேன். முப்பது.

“நல்லது. ரத்த அழுத்தம்னா என்ன? விளக்கமா சொல்லுங்க.”

பதில் தெரியும். ஆனால் பதில் வர மூச்சு வர வேண்டுமே! “ரத்தம்…” என்றேன். அவ்வளவுதான். டேப் அபிஷாவின் விரல்களிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து மேடத்தின் மேஜையில் போய் உட்கார்ந்தது.

“முப்பத்தாறு, மேடம்” என்று சத்தமாக வாசித்தாள் அந்தத் துரோகி.

“தம்பி, இது இன வேறுபாடு இல்ல. டேப் பிடிச்ச ஆளோட வேறுபாடு. எல்லாரையும் நீங்க ஒருத்தரே திரும்ப அளந்து கொண்டு வாங்க, மார்க் பாக்கலாம்.”

மறுபடி மைதானம். “ஒனக்க முன்ன என்னத்துக்குலே எக்கணும்?” என்று சுபின் வயிற்றை அவிழ்த்துவிட்டான். அஸ்ஸாம் பையன்களிடம் பேண்ட் வராது என்ற உண்மையைச் சொல்லி, திட்டு வாங்கி, அளந்தேன். இந்த முறை தொப்பை முழுக்க எங்கள் பக்கம். பிரஷரில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. மரபணுவை அடித்துவிட்டு, ‘அவர்கள் செங்கல் சுமக்கிறார்கள், நாங்கள் புரோட்டா சுமக்கிறோம்’ என்ற பொருள்பட எழுதினேன். தேறினேன். சீட்டும் கிடைத்தது.

ஆனால் வைவா முடிந்து நான் வீடு சேர்வதற்குள் அபிஷா வழியாகக் கதை அம்மாவிடம் சேர்ந்திருந்தது. போன மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்தில் குடும்பப் போட்டோவுக்கு நின்றோம். போட்டோக்காரர் கையைத் தூக்கி, “ரெடியா?” என்றார். எக்கினேன்.

மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் கேட்கும்படி அம்மா சொன்னாள்:

“நில்லுங்க தம்பி. மொதல்ல இவங்கிட்ட ரத்த அழுத்தம்னா என்னன்னு கேளுங்க. பொறவு எடுங்க.”