தொங்கும் வளையமும் எக்காலத்துக்கும் சிறந்த அணியும்

கூடைப்பந்துத் திடலின் இரண்டு வளையங்களும் முன்பக்கமாகத் தொங்கிப்போயிருந்தன. அவற்றை நிமிர்த்தித் தரும்படி பெண்கள் அணியின் பயிற்சியாளர் விளையாட்டு அலுவலகத்தில் கேட்டாள். கேட்டது அவ்வளவுதான். இரும்பு கேட் செய்யும் பட்டறைக்காரரை முன்கூட்டியே அழைத்து வந்து காட்டியும் விட்டாள். அவர் அண்ணாந்து பார்த்தார். ஒரு குழாயை மாட்டி ஒரு அழுத்து அழுத்தினால் நேராகிவிடும், இதற்குக் கூலி வாங்கினால் தனக்குத்தான் வெட்கம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய பெண்கள் சொந்தத் திடலில் யாரிடமும் தோற்றதில்லை. இறுதிப் போட்டியோ பக்கத்து ஊரில். அங்கே வளையம் வளையமாக இருக்கும். தொங்கும் வளையத்துக்குப் பந்தைத் தாழ்வாக, நேராக விட்டெறிந்தால் போதும், வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும். நேரான வளையத்தில் அதே பந்து முன்விளிம்பில் இடித்து, எறிந்தவள் மூஞ்சிக்கே திரும்பி வரும். வேறு ஊரிலிருந்து வாழ வந்ததால் அவளுக்கு இது தெரிந்திருந்தது. உள்ளூர்க்காரர்கள் அந்தத் தாழ்வான எறிக்கு 'நம்ம ஊர் எறி' என்று பெயர் வைத்துப் பூரித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரையும்விட நன்றாக எறிகிறவள் அணித்தலைவி. உயரத்தால் அவளுக்கு 'ஏணி' என்று பெயர். பஸ் டிரைவர் மகள். இறுதிப் போட்டியில் நன்றாக ஆடினால் விளையாட்டுக் கல்லூரியில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேறு வழியில் கல்லூரி வாசலை மிதிக்க அவள் வீட்டில் வசதியில்லை.

நேரம் பார்த்து ஊருக்குள் ஒரு மோகம் புகுந்திருந்தது. எக்காலத்துக்கும் சிறந்த கூடைப்பந்து அணி எது என்று பேசுவதுதான் அது. முடிவெட்டும் கடையில் ஒரு கன்னம் மட்டும் மழித்த நிலையில் எழுந்து நின்று வாதாடினார்கள். பந்தைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தவர்கள்கூடப் பழைய அணிகளின் பெயர் போட்ட பனியன் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். மண் திடல் காலமா, சிமெண்ட் திடல் காலமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பெண் கொடுத்தார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

மண் திடல் கட்சிக்குத் தலைவர் பயிற்சியாளருடைய மாமனாரேதான். கையைக் கொக்கிபோல் வளைத்துப் பந்து போட்டவர் என்பதால் 'கொக்கி' என்று பெயர். சிமெண்ட் கட்சிக்குத் தலைவர் 'மின்னல்'. இப்போது பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கடைப்படி ஏறவே கதவு நிலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, ஆனாலும் பெயர் மின்னல்தான்.

ஊரில் இருக்கும் மோகம் அலுவலகத்துக்குள் வராமல் இருக்குமா? திடல் வாசலில் நாட்டுவதற்காக, 'எக்காலத்துக்கும் மிகச்சிறந்த அணி' என்று கல்லில் பொறித்து வாங்கிவிட்டார் அதிகாரி. அதன் கீழே எந்த அணியின் பெயரைப் பொறிப்பது என்று முடிவெடுக்க, கொக்கியையும் மின்னலையும் உறுப்பினர்களாக்கி ஓர் உயர்மட்டக் குழுவையும் அமைத்தார். மேலும் கீழுமாக வேறு மட்டங்கள் எதுவும் இல்லை. இந்தச் சூழ்நிலையில்தான் பயிற்சியாளர் போய் நின்றாள்.

"நீங்க கேக்கறது என்னன்னு உங்களுக்கே புரியுதாம்மா?" என்றார் அதிகாரி. "தரை மாறிடுச்சு. பந்து மாறிடுச்சு. வெறுங்கால்ல ஆடினவங்க போய் ஷூ போட்டவங்க வந்தாச்சு. மூணு காலத்துக்கும் பொதுவா மிச்சம் இருக்கறது இந்த ரெண்டு வளையம்தான். அதையும் மாத்திட்டா எதை வெச்சு ஒப்பிடறது?"

"மாத்தச் சொல்லல சார். நிமிர்த்தச் சொன்னேன்."

"சாட்சியை நிமிர்த்தறதும் கலைக்கறதும் ஒண்ணுதாம்மா."

மறுநாள் வளையங்கள் பாதுகாக்கப்பட்ட சான்றுகளாக அறிவிக்கப்பட்டன. ஒரு காவலரை நியமித்து வளையத்துக்கு நேர்கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பெண்கள் போட்ட பந்தெல்லாம் அவர் தலையில் விழுந்தது. அவரும் கடமையுணர்ச்சியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வளையம் ஏன் தொங்கியது என்பதற்குப் பல வரலாறுகள் இருந்தன. கொக்கி ஒரு வெற்றியின் உற்சாகத்தில் தாவித் தொங்கியதால்தான் என்றது மண் கட்சி. மின்னல் பாய்ந்து பிடித்ததால்தான் என்றது சிமெண்ட் கட்சி. உண்மை இவ்வளவு அழகானதல்ல. திறப்பு விழாவன்று அப்போதைய அதிகாரியை வரவேற்க இரண்டு வளையங்களுக்கும் குறுக்கே ஒரு பெரிய பேனரை இழுத்துக் கட்டினார்கள். அன்றே இரண்டும் முன்னால் சாய்ந்துவிட்டன. ஆக, நேரான வளையத்தில் இந்தத் திடலில் எந்தக் காலத்திலும் எந்த அணியும் ஆடியதில்லை.

குழுவின் முதல் கூட்டத்துக்குப் பயிற்சியாளரை மனுதாரர் என்ற முறையில் அழைத்தார்கள். பேச உரிமை இல்லை, டீ உண்டு. யாருடைய காலத்தில் வளையம் அதிகமாகத் தொங்கியது என்பதே அன்றைய விவாதம். தன் காலத்தில் வளையம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்றார் கொக்கி. தரையைப் பார்த்தால் பந்து எப்படி உள்ளே போகும் என்று கேட்டார் மின்னல்.

"அதுக்குப் பேருதான் திறமை" என்றார் கொக்கி.

இப்போதைய பெண்களை எந்தக் காலத்தோடும் சேர்க்க முடியாது, ஷூ போட்டவர்கள் சொகுசுக்காரர்கள் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டுமானால் அவர்களும் வெறுங்காலோடு, ஒரு பக்கம் புடைத்த பந்தை வைத்துக்கொண்டு பயிற்சி செய்ய வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. உரிமை இல்லாவிட்டாலும் பயிற்சியாளர் வாய் திறந்தாள்.

"வெளியூர்ல நீங்க எத்தனை தடவை ஜெயிச்சீங்க மாமா?"

கொக்கி டீயைக் குடித்தார். மின்னலும் குடித்தார். காலியான பிறகும் இருவரும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வெளியூர்ல வளையம் சரியா இருக்காதும்மா" என்றார் கொக்கி கடைசியில்.

"அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு உண்மை" என்றார் மின்னல். குழுவின் வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் இதுதான்.

இறுதிப் போட்டி வந்தது. பக்கத்து ஊர் வளையங்கள் நேராக, கொஞ்சமும் வெட்கமில்லாமல் நின்றன. ஏணி எறிந்தாள். பந்து முன்விளிம்பில் இடித்துத் திரும்பியது. மறுபடி எறிந்தாள், மறுபடி திரும்பியது. உயர்த்திப் போடு, உயர்த்திப் போடு என்று ஓரத்தில் நின்று பயிற்சியாளர் தொண்டை வற்றக் கத்தினாள். ஆண்டுக்கணக்கில் பழகிய கை ஒரு சாயங்காலத்தில் உயருமா? தோற்றார்கள். கல்லூரி இடம் எதிரணிப் பெண்ணுக்குப் போனது.

"அக்கா, நான் சரியாத்தானே போட்டேன்?" என்று பஸ்ஸில் கேட்டாள் ஏணி.

"சரியாத்தான் போட்டே" என்றாள் பயிற்சியாளர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

தோல்வியை அலுவலகம் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது. அணியின் காலம் இத்துடன் இனிதே நிறைவுற்றதாகவும், நிறைவுற்ற காலத்தின் பிரதிநிதியாகப் பயிற்சியாளரைக் குழு உறுப்பினராக உயர்த்துவதாகவும் ஆணை வந்தது. உயர்த்திவிட்டதால் பயிற்சி வேலைக்கு வேறொரு இளைஞரைப் போட்டார்கள். அவள் மறுக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தாவது வளையத்தை நிமிர்த்திவிட வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் அந்த இளைஞர் வந்து நின்றார். வளையத்தை நிமிர்த்தித் தர வேண்டும் என்று கேட்டார். அவர் பின்னால் ஏணி நின்றாள். அணியில் ஆடவும் கல்லூரி இடத்துக்கு முயலவும் அவளுக்கு வயது வரம்பில் இன்னும் ஒரு வருடம் பாக்கியிருந்தது. அதிகாரியும் இம்முறை நல்ல மனநிலையில் இருந்தார். மூன்று காலங்களும் முடிந்துவிட்டதால் சாட்சிக்கு இனி வேலையில்லை, குழு சம்மதித்தால் நிமிர்த்திவிடலாம் என்றார்.

பழைய பயிற்சியாளர் கையைத் தூக்கப்போன நேரத்தில்தான் மின்னல் சும்மா இருக்காமல், மூன்று காலத்திலும் மட்டமான அணி போன தடவை தோற்ற அணிதான், அதில் சந்தேகமே இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

"மட்டமா?" என்றாள் அவள். "உங்க காலத்துல வளையம் கொஞ்சமாத்தான் தொங்குச்சு. நாள் ஆக ஆகத்தானே இன்னும் தொங்கும்? எங்க பொண்ணுங்க போட்ட வளையத்துல நீங்க ஒரு பந்து போட்டிருப்பீங்களா?"

"அதைத்தான் நிமிர்த்தப் போறாங்களே" என்றார் கொக்கி.

அவள் இளைஞரைப் பார்த்தாள். நேரான வளையத்தில் பழகிய அணி நிச்சயம் வெளியூரில் ஜெயிக்கும். ஜெயித்தால் வாசல் கல்லில் அவர்கள் பெயர் வரும். தன் பெண்களின் பெயர் மண்ணோடு போகும். நினைக்க நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லை.

"நிமிர்த்திக் கொடுத்த வளையத்துல ஜெயிச்சா அது ஒரு ஜெயமா?" என்றாள். "எங்க பொண்ணுங்க தொங்கின வளையத்துல போட்டாங்க. வெளியூர்ல வளையம் சரியில்ல. அதனாலதான் தோத்தாங்க."

"அக்கா" என்றாள் ஏணி. "அந்தப் பொண்ணுங்கள்ல நானும் ஒருத்தி."

பழைய பயிற்சியாளருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நிமிர்த்தக் கூடாது என்பவர்கள் கை தூக்கலாம் என்று அதிகாரி சொன்னபோது முதலில் எழுந்த கை அவளுடையதுதான். கொக்கியின் கையும் மின்னலின் கையும் பின்னாலேயே எழுந்தன. ஒருமனதாக நிறைவேறிய இரண்டாவது தீர்மானம்.

டீ வந்தது. ஜன்னல் வழியே திடல் தெரிந்தது. ஏணி தனியாக நின்று பந்தைத் தாழ்வாக, நேராக விட்டெறிந்தாள். வளையம் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. பந்து காவலர் தலையில் விழுந்தது.

"நம்ம ஊர் எறி" என்று அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் டீயைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள்.