படம் பார்த்துவிட்டு வாயை மூடத் தெரியாதவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பார்க்க நம்மைப் போலவேதான் இருக்கும். சாப்பிடும், தூங்கும், டிக்கெட் எடுத்துப் படம் பார்க்கும். ஆனால் பார்த்த படத்தைப் பற்றி நாலு பேரிடம் தீர்ப்புச் சொல்லாவிட்டால் அதற்குச் சோறு இறங்காது. காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை விற்பனையாளரான சிட்டிபாபு இந்த இனத்தின் அசல் மாதிரி. எந்தப் படத்தையும் புடவையாகத்தான் பிரித்துப் போடுவார். "முந்தி நல்லா இருக்குதுபா, உடல்தான் சப்புனு இருக்குது" என்றால், கிளைமாக்ஸ் தேறிவிட்டது, மற்றதெல்லாம் தூக்கம் என்று அர்த்தம்.

இதனால் வீட்டில் அவருக்கு ஒரு கண்டம். இதற்கு முன் வந்த ஒரு படத்தை முதலில் தனியாகப் பார்த்துவிட்டு, மறுபடி மனைவி மேரியோடு போய் உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் "இப்ப பாரேன், சுடுவான்" என்று காதில் ஓதிக்கொண்டே இருந்தார். மேரி ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேசியது ஒன்றே ஒன்று.

"இன்னொரு தபா எனக்கு முன்னாடி படம் பார்த்தீங்கன்னா, புள்ளைய இட்டுக்கினு ஏனாத்தூர்ல எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

போவாளா? போவாள்.

இப்போது வந்திருப்பதோ, ஊரெல்லாம் கேமரா வைத்து அவரவர் அந்தரங்கத்தை உளவு பார்க்கும் வருங்கால நகரத்தின் மர்மக் கதை. எப்போதும் இருட்டு, எப்போதும் மழை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போவதாக ஏற்பாடு. சிட்டிபாபு வெள்ளிக்கிழமையே, வாலாஜாபாத்தில் ஒரு பார்ட்டிக்குப் புடவை காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு, காலைக் காட்சியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்தால் கலியன் டீக்கடை. சும்மா தாண்டிப் போக முடியுமா?

"மேரிக்குத் தெரியக் கூடாது கலியா" என்று ஆரம்பித்து, பெஞ்சிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "லாஜிக்கே இல்லபா. லட்சம் கேமரா வெச்சிக்கினு ஒரு பொண்ணைத் தேட ரெண்டு மணி நேரமா? நம்ம தெருவுல ஒரு கேமரா கிடையாது. நான் கறி வாங்கிக்கினு வீட்டுக்குப் போறதுக்குள்ள, எதிர்வீட்டம்மா யாரு விருந்தாளின்னு கேட்குது."

"அப்ப நீ படம் பார்த்தது மட்டும் தெரியாமப் போயிடுமா?" என்றார் கலியன்.

சிட்டிபாபுவுக்கு டீ கசந்தது.

நல்ல வேளை, செய்தி இன்னும் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. மேரியும் மகள் அபியும் போனில் டிரெய்லர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் போலீஸ்காரிதான் கொலைகாரி. முழியப் பார்த்தாலே தெரியுது" என்றாள் மேரி.

சிட்டிபாபு தண்ணீர் குடித்தார்.

"ஆமாம்மா, கடைசில அவதான் மாட்டுவா" என்றாள் அபி.

பாவம், அந்த மனிதர் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது. ஃபேனைப் பார்த்தார், கொல்லைப்புறம் போனார், போன வேகத்தில் திரும்பி வந்தார். ஒரு தப்பான அபிப்பிராயம் தம் வீட்டுக் கூடத்திலேயே கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது, அதை எப்படி விடுவது? ஏனாத்தூர் பஸ் கண்ணில் தெரிந்தது. காலி வீடு தெரிந்தது. தாமே கிண்டித் தாமே தின்கிற உப்புமாகூடத் தெரிந்தது. எல்லாம் தெரிந்தும் வாய் திறந்துகொண்டது.

"போலீஸ்காரியா? அவ நல்லவம்மா. கேமரா ரிப்பேர் பண்ண வரானே ஒரு கிழவன், அவன்தான்."

டிரெய்லர் நின்றது. மேரி எழுந்தாள். அலமாரி மேலிருந்து துணிப்பையை இறக்கினாள்.

நீங்கள் அந்த இனம் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். அப்புறம் ஏன், "ஒரு கதை படிச்சேன், கடைசில இன்னா ஆகுதுன்னா" என்று பக்கத்திலிருப்பவரிடம் திரும்புகிறீர்கள்? முதலில் அவர் கையில் பை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.