எண்ணூற்று நாற்பத்திரண்டு ஓடிய புதுக் கார்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். நீ நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவனை மாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறவர்களுக்கு ஒரு குறையும் வராது. என் மூக்குக்கண்ணாடி சரியில்லாததால் நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள். ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது என்று கண்டித்திருக்கிறேன்.

கார் கம்பெனி மேனேஜர் உன் சிநேகிதர் என்று நீ சொன்னதை நம்பி முன்பணம் கட்டினேன். பேப்பர் வரவில்லை, நம்பர் வரவில்லை என்று வாரக்கணக்கில் இழுத்தடித்து, ஒருவழியாகப் போன திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். போனோம். மூடியிருந்த துணியை விலக்கி, ரிப்பனை அவிழ்த்து, என்னை உள்ளே உட்காரவைத்து போட்டோ எல்லாம் எடுத்தார்கள். சாவியைப் போட்டதும் மீட்டரில் எண் வந்தது. குனிந்து பார்த்தேன், இன்னும் குனிந்து பார்த்தேன், ஸ்டியரிங்கில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். எண்ணூற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர். புது வண்டி, மச்சான். பிறந்த குழந்தைக்கு மீசை முளைத்திருந்தால் பெற்றவனுக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு.

விற்பனைக்காரர், "சார், முந்நூத்தி நாப்பத்திரெண்டுதான் சார்" என்றார். மின்சார ஆபீசில் காலம் பூராவும் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவன் நான். இருட்டு மாடிப்படிக்கு அடியில், நாய் குரைக்கக் குரைக்க, டார்ச் இல்லாமல் ரீடிங் எடுத்தவன். என்னிடம் வந்து எட்டை மூன்று என்கிறார். மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து மீட்டரைப் பார்த்தார், பிறகு என்னமோ உன் அக்காவைப் பார்த்தார், "சரி சார், எண்ணூத்தி நாப்பத்திரெண்டுன்னே வச்சுக்குவோம்" என்றார். வச்சுக்குவோமாம்.

"புது வண்டி எப்படிங்க இவ்வளவு ஓடும்?"

"குடோன்லேருந்து ஓட்டிட்டு வந்தோம் சார்."

"குடோன் எங்க இருக்கு?"

"பின்னாடி தெருவுல சார்."

பேரத்தில் இறங்கினேன். கால்மிதி கேட்டேன், கொடுத்தார். சீட் உறை கேட்டேன், கொடுத்தார். விலையைக் குறை என்றேன், கொஞ்சம் முனகிவிட்டு அதற்கும் தலையாட்டினார். கேட்டதெல்லாம் கொடுக்கிற வியாபாரியை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? எனக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. வேறு வண்டி கொடு, அதுவரைக்கும் இதை நான் ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உன் அக்கா செய்ததுதான் பெரிய கூத்து. வெங்காயக்காரரிடம் அரை மணி நேரம் வாதாடுகிறவள், அங்கே வாயைத் திறக்கவில்லை. கேட்காமலே அவளுக்கு மட்டும் சர்க்கரை இல்லாத டீ வந்தது. அவளுக்குச் சர்க்கரை ஆகாது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் ஆளை மயக்குகிற தந்திரம். இதையும் எழுது என்றேன், எழுதிவிட்டாள்.

கடைசியில் விற்பனைக்காரரே ஓட்டிவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். அங்கேயேதான் நிற்கிறது. தினமும் துடைக்கிறேன், சாவியை மட்டும் எடுப்பதில்லை. ஓட்டத் தெரியாமல் இல்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அது கிடைக்கும்வரை எங்கே போனாலும் நடந்துதான் போவேன். நேற்றுகூட நடைபாதைக் கல்லில் இடித்துக்கொண்டு முட்டி பெயர்ந்துவிட்டது. அதுவும் அந்தக் கம்பெனி கணக்கில்தான் சேரும். மனசே விட்டுப்போச்சு மச்சான். ஒரு மீட்டரைக்கூட நம்ப முடியலைன்னா மனுஷன் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது, சொல்லு.

நீ உடனே உன் சிநேகிதர் சட்டையைப் பிடித்தாவது வேறு வண்டி வாங்கிக் கொடு. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள் நிறைய உண்டு. உனக்கு உண்டா என்பதை உன் பதிலைப் பார்த்துத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
நொந்துபோன உன் அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. அவர் வண்டியைத் துடைக்க வாசலுக்குப் போயிருக்கிறார். மேலே எல்லாம் அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். மீட்டரில் இருப்பது முந்நூற்று நாற்பத்திரண்டுதான். வண்டி வந்த பிறகும் உனக்காக அதைக் கொடுக்கிற நாளைத் தள்ளிப்போட்டு, மத்தியானம் இவர் தூங்கும் நேரத்தில் என்னை அதிலேயே ஓட்டிப் பழகவிட்டாரே உன் சிநேகிதர், அவருக்கு என் நன்றியைச் சொல். லைசென்ஸ் வந்துவிட்டது. சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கண் டாக்டர் சொன்னதை இவர் இன்னும் என்னிடம் சொல்லவில்லை. டாக்டரே என்னிடம் சொல்லிவிட்டார். கண்ணாடி மாற்றினால் சரியாகிற விஷயம் இல்லையாம். ஓட்ட முடியாது என்று வாயால் சொல்ல முடியாமல்தான் ஓட்ட மாட்டேன் என்று நிற்கிறார். அதனால் வேறு வண்டி தருகிறேன் என்று மட்டும் உன் சிநேகிதர் சொல்லிவிடக் கூடாது. இந்தச் சண்டை முடியவே வேண்டாம். அதற்குள் நான் மெதுவாக இவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துவிடுகிறேன்.

கையெழுத்தை நானே போடுவேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். பாதிதான் தாளில் இருக்கிறது. மீதி மேசைவிரிப்பில் இருக்கிறது. அதை நான் துவைக்கப் போவதில்லை.