தெப்பத்தில் மக்கர் அண்ணாச்சி

தென்காசித் தாலுகாவிலேயே மக்கர் அண்ணாச்சியைப் போல ஒரு பிடிவாதக்காரர் பிறந்ததில்லை. இனிமேல் பிறக்கவும் வேண்டாம். ஊர் தாங்காது.

குற்றாலம் போகிற ரோட்டில் காபி கிளப் வைத்திருந்தார். சண்டை வந்து பெட்ரோலுக்கு ரேஷன் போடுவதற்கு முந்திய காலம். மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது சாமான்களை ஏலம் விட்டார். மற்றவர்கள் நாற்காலி, மேசை என்று எடுத்தார்கள். இவர் படகின் பின்னால் மாட்டுகிற ஒரு ஓட்டை மோட்டாரைத் தூக்கி வந்தார். படகு கிடையாது.

கிளப்பின் பின்கட்டுத் தொட்டியில் அதை மாட்டி, தலைச் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுப்பார். முக்கால்வாசி நாள் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஓடிவிட்டால் தொட்டித் தண்ணீர் நம் இலையில் வந்து விழும். சாரல் காலத்தில் பிளக் நனைந்துவிடும். கழற்றித் தோசைக்கல்லில் காயப்போடுவார், என் தோசைக்குப் பக்கத்தில்.

"என்ன அண்ணாச்சி, தோசையில பெட்ரோல் வாடை அடிக்கி?"

"வாடையைத் தள்ளி வச்சிட்டுத் தோசையைத் தின்னும்வே."

வேறு கிளப்புக்குப் போயிருக்கலாம். சட்னி நன்றாக இருந்தது. தொலைந்தேன்.

ஒரு வருஷம் தை மாதம் ஊரே குளிர்காய்ச்சலில் விழுந்தது. கோயில் குளத்துக் கரையில் நின்று வடம் பிடித்துத் தெப்பத்தை இழுக்கிறவர்களும் படுத்துவிட்டார்கள். கிளப்பில் காபி குடித்துக்கொண்டே தர்மகர்த்தா சொன்னார்: "இந்தத் தடவை தெப்பம் கிடையாது. சாமி உள்ளயே இருக்கட்டும்."

அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைத்தார். "ஊரு பூரா போர்வைக்குள்ள கிடக்கு. இப்பம் வந்து பாக்காத சாமி வேற எப்பம்வே பாக்கும்? என் மோட்டார் இழுக்கும்."

"ஓடலேன்னா அதைக் குளத்துல போட்டிருவேன்."

"என்னையும் சேத்துப் போடும்."

அது முங்குவதைப் பார்க்கத்தான் நான் போனேன். பொய் சொல்ல மாட்டேன். காய்ச்சல்காரர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார்கள். தெப்பத்தின் பின்பலகையில் மோட்டார், நடுவில் சாமி, பக்கத்தில் பட்டர். தூற்றல் வேறு. அண்ணாச்சி இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு பிளக்கைக் கழற்றினார்.

"பட்டரே, அந்தத் தூபக்காலை இங்கன தள்ளும்."

"எதுக்குவோய்?"

"இதுக்கும் கொஞ்சம் தூபம் காட்டணும்."

காய்ந்த பிளக்கை மாட்டி, பதற்றத்தில் கயிற்றை எதிர்ப்பக்கமாகச் சுற்றி இழுத்துவிட்டார். அந்தப் பழைய சனியனுக்கு முறை கிடையாது. எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் ஓடும். படபடவென்று எடுத்தது. தெப்பம் பின்னால் நகர்ந்தது. மைய மண்டபத்தை வலமாகச் சுற்ற வேண்டிய சாமி இடமாகப் போக ஆரம்பித்தார்.

"அபச்சாரம், நிறுத்தும்" என்றார் பட்டர்.

"நிறுத்தினா மறுபடி எடுக்காது."

"அப்ப சாமி இப்படியேவா சுத்துவார்?"

அண்ணாச்சி கொதிக்கிற மோட்டாரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, ஓடஓட அப்படியே முன்பின்னாகத் திருப்பினார். தெப்பம் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. பிறகு வலமாகக் கிளம்பியது. கையை விட்டால் மோட்டார் பழையபடி திரும்பிக்கொள்ளும். சுற்று முடிகிற வரைக்கும் விடவில்லை. கரையில் கம்பளிகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்று கும்பிட்டன. தர்மகர்த்தாவும் கும்பிட்டார். உள்ளங்கை வெந்து, அடுத்த ஒரு மாதம் அண்ணாச்சி இடுக்கியால்தான் இட்லி எடுத்து வைத்தார்.

அடுத்த வருஷம் வடம் பிடிக்கிறவர்கள் குணமாகி வந்துவிட்டார்கள். தெப்பம் ஒழுங்காக, வலமாக, சத்தமே இல்லாமல் சுற்றி வந்தது.

எனக்குப் பிடிக்கவில்லை.